சிமெண்டு வாசல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் முதலில் முட்டிவலி வரும், அடுத்தது வெயில் வரும். "அந்தக் காலத்துல இம்மாம் வெயில் ஏது?" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள், மற்றவர்கள் தலையாட்டுவீர்கள். நான் தலையாட்டுவதில்லை. அந்தக் காலத்திலும் வெயில் இருந்தது. செருப்பில்லாத காலோடு அதில் நடந்தவள் சொல்கிறேன். ஆனால் வெயில் வேறு, சூடு வேறு. வெயில் மேலேயிருந்து வருவது, எல்லோருக்கும் ஒன்றுதான். சூடு நாம் நிற்கிற தரையைப் பொறுத்தது. அதில் பாதிக்கு மேல் நாமே வரவழைத்துக்கொண்டது.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்து வாசலில் ஒரு பிடி மண் கண்ணில் படவில்லை. எல்லாம் சதுரச் சதுரமாகப் பதித்த கல். ஓரத்தில் பிளாஸ்டிக்கில் இரண்டு ஈச்சமரம் நட்டு வைத்திருந்தார்கள். ஆட்டோ வரும் வரைக்கும் அதன் கீழே போய் நின்றேன். பிளாஸ்டிக் மரத்துக்கும் நிழல் விழத்தான் விழுகிறது, அதில் குளுமைதான் இல்லை. செருப்புக்குள்ளேயே உள்ளங்கால் சுட்டது. அப்போது அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் தங்கை. அவளைப் பெண் பார்க்க வந்த அந்தச் சித்திரையை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. மேற்குப் பார்த்த வீடு. வாசலில் நின்றால் தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். வாசல் என்றால் இப்போது போல நாலு முழம் இல்லை. மக்காச்சோளம் காய வைக்கலாம், வண்டி திருப்பலாம், அவ்வளவு பெரிசு. நடுவில் ஒரு புங்கமரம். கீழே சாணம் தெளித்துப் பெருக்கிய மண். பங்குனி பிறந்தால் மரம் புதுத் தளிர் விட்டுப் பூவைக் கொட்டும். பொரியைக் கொட்டிவிட்ட மாதிரி தரையெல்லாம் வெள்ளையும் ஊதாவுமாகக் கிடக்கும். அம்மா முறத்தோடு அங்கேதான் உட்காருவாள். எங்கள் நாய் மண்ணைக் கொஞ்சம் பறித்து, அடி மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். நாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

அப்போதெல்லாம் எங்களுக்குத் தரையைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காலால் தெரியும். தார் ரோட்டைத் தாண்டுவதென்றால் ஓட வேண்டும். செம்மண் சுடும், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். வாய்க்கால் ஓரத்துப் புல்லில் நின்றால் போன உயிர் திரும்பும். பள்ளிக்கூடம் விட்டால் மர நிழலிலிருந்து சுவர் நிழலுக்கு, சுவர் நிழலிலிருந்து நின்றிருக்கிற மாட்டுவண்டி நிழலுக்கு என்று தாவித் தாவி வீடு வந்து சேருவோம். கடைசியில் புங்க நிழலுக்குள் காலை வைத்ததும் அத்தை ஒரு சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். "வந்துட்டியா, வெந்த கத்திரிக்கா?" என்பாள்.

அத்தைக்கு அப்பாதான் அண்ணன், அப்பாதான் அப்பனும். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது, அந்தச் சித்திரையில் நான் இருந்த வயதில் அத்தை இருந்தாளாம். சோறு ஊட்டினதிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது வரைக்கும் அப்பா. அப்புறம் அம்மா வந்தாள். அந்த அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொள்வது ரொம்பக் கம்மி. ஆனால் அவர் வயலிலிருந்து வரும் சத்தம் கேட்டாலே இவள் சோற்றைப் போட்டுவிடுவாள்.

தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். சின்னசேலத்தில் கடை வைத்திருக்கிற குடும்பம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"டவுனு ஆளுங்க. சாணி தெளிச்ச மண்ணுலயா உக்கார வைக்கிறது?" என்றார். "வாசலு பூரா சிமெண்டு போட்டுடலாம். சோளம் காய வைக்கவும் ஆவும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மரத்தையும் வெட்ட வேண்டும் என்றார்.

"மரத்த இன்னாத்துக்குண்ணா?" என்று அத்தை கேட்டாள். அண்ணனை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பூவா கொட்டிக்கினே இருக்குது. சிமெண்டு மேல வுழுந்தா கறை புடிச்சிக்கும். வேரு வேற தரைய தூக்கிடும்."

வெட்டினார்கள். அத்தை அன்றைக்குப் பின்கட்டிலேயே இருந்துகொண்டாள். நான் அழுதேன். அப்பா எனக்கு வெல்லம் கொடுத்துச் சமாதானம் செய்தார். சிமெண்டு போட்டு, சணல் சாக்கை விரித்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பதம் வந்த பிறகு பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, வாசல் தட்டு மாதிரிதான் இருந்தது. தெருவில் எங்களுடையதுதான் முதல் சிமெண்டு வாசல். அப்பா காலையில் எழுந்ததும் அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசுவார்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்குப் பார்த்த வீடு என்றேன் அல்லவா? காலையில் வீட்டின் நிழலே வாசல் முழுக்க விழுந்து கிடக்கும். அப்பா பார்த்ததெல்லாம் அந்தக் குளுந்த வாசலை. அதற்கப்புறம் வயலுக்குப் போய்விடுவார். பகல் சோற்றுக்குக் கிணற்றுப் பக்கமாகப் பின்வாசல் வழியே வருவார், அப்படியே போவார். உச்சிப்பொழுதில் தன் வாசல் எப்படி இருக்கிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தது. முதலில் நாய்க்குத் தெரிந்தது. ஒருநாள் வந்து முகர்ந்து பார்த்தது, சுற்றிச் சுற்றி வந்தது, அப்புறம் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மண் வாசலுக்குக் குடி போய்விட்டது. கோழியும் பின்னாலேயே போனது. அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். பொழுது சாய்ந்த பிறகும் வாசலிலிருந்து அனல் எழும்பிக்கொண்டே இருக்கும். மலைப் பக்கமிருந்து வருகிற காற்றுகூட எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது சுடுகாற்றாக வரும். வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் ஜில்லென்று இருக்கும். தெரு ஒன்றுதான், சூரியனும் ஒன்றுதான்.

"உங்க அப்பாகிட்ட சொல்லாத" என்று அத்தை எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். "ஆசையா போட்டிருக்குது."

பெண் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேனில் வந்தார்கள். வருவதற்குள் பத்தரை நெருங்கிவிட்டது. வாசலில் வீட்டு நிழல் அப்போதும் பாதிக்குக் கிடந்தது, மீதியிலும் தரை இன்னும் சூடேறவில்லை. செருப்பை வாசல் முனையில் வேலிப் படலோரம் கழற்றிவிட்டு, நிழலோடு நிழலாக நடந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். "வாசலு சோக்கா இருக்குதுங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். அதில் பெண்ணை வெளியே கூட்டி வரலாமா? காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. அப்புறம் தாம்பூலம் எடுத்து வைப்பது, பஜ்ஜி சூடு பண்ணுவது, மாப்பிள்ளையின் சித்தப்பா பின்பக்கம் போய்ப் பீடி குடித்துவிட்டு வருவது என்று இழுத்து, மணி ஒன்றைத் தொட்டது. நல்ல நேரம் பார்த்துப் பார்த்து, நாளிலேயே தரை ரொம்பக் கொதிக்கிற நேரமாகத் தேடிப் பிடித்தார்கள்.

அத்தை வந்து நமஸ்காரம் பண்ணினாள். காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ண கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கால் ஊனம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாட்டைப் பார்ப்பது போலத்தான், இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உள்ளே இடமில்லை, ஒரே கும்பல். அப்பா எழுந்தார். "இங்க இன்னாத்துக்கு? வாசல்லயே நடக்கட்டும். நல்லா வெளிச்சமா இருக்கும்" என்றார்.

எல்லோரும் தாழ்வார நிழலில் வரிசையாக நின்றுகொண்டார்கள். அத்தை வாசலில் இறங்கினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடக்க வேண்டும். படல் வரைக்கும் போனாள். போகும்போதே முன்பாதத்தை ஊன்றினாள், குதிகாலைத் தூக்கினாள். திரும்பும்போது வலது காலைத் தரையில் வைக்கவே அவளால் முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, தாங்கித் தாங்கி வந்து படியேறினாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கழுத்து மட்டும் வேர்த்திருந்தது.

"பொண்ணு கால தாங்கித் தாங்கி நடக்குதே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, தரகரைப் பார்த்து.

"இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அப்பா என்னென்னவோ சொன்னார். கேசரியை யாரும் தொடவில்லை. "போயி சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். டிரைவர் படலோரம் கிடந்த செருப்பையெல்லாம் அள்ளிப் போட்டு, வேனைத் தாழ்வாரத்துப் படியோரமே கொண்டுவந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனார்.

அப்பா நேராக அடுப்பங்கரைக்கு வந்தார். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம். என்னிய நாலு பேரு முன்னால தல குனிய வச்சிட்டியே" என்றார். முதல் நாள் சாயங்காலம் அத்தை அம்மாவிடம், "கடைக்காரங்க வூடு எனக்கு ஒத்து வருமா அண்ணி? நெலம் இருக்கிற எடமா இருந்தா பரவால்ல" என்று சொல்லியிருந்தாள். அது அப்பா காதில் விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே நொண்டினாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"காலு சுட்டுதுண்ணா" என்றாள் அத்தை.

"அவங்கல்லாம் அதுலதான நடந்து வந்தாங்க? அவங்களுக்குச் சுடலியா?"

அப்பா போன பிறகு அம்மா அவள் காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அம்மா பதறிப்போய், "இரு, கூப்பிட்டுக் காட்டுறேன்" என்று எழுந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. அவரு கையாலயே போட்ட வாசலு. அதுல நான் வெந்தேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போவட்டும். சத்தியம் பண்ணுங்க."

அம்மா சத்தியம் பண்ணினாள். என்னையும் பண்ண வைத்தார்கள். கற்றாழையைச் சீவி அத்தையின் காலில் வைத்துக் கட்டும்போது அம்மா அழுதாள். அத்தை அழவில்லை.

அப்புறம் அப்பா அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்திலேயே நிற்கிறவளை விட்டுவிட்டு, "உங்க அத்தகிட்ட தண்ணி கேளு" என்று என்னிடம் சொல்வார். அவளும் சொம்பை என்னிடம் கொடுத்து, "உங்க அப்பாகிட்ட குடு" என்பாள். எனக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு பயமாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'அந்த வூட்டுப் பொண்ணு நொண்டியாமே' என்று பேச்சு தியாகதுருகம் வரைக்கும் போய்விட்டது. தரகர் எங்கள் தெருப் பக்கமே தலை வைக்கவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு பெயர் விழுந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தை சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். பேச்சையும்.

அந்தச் சித்திரையிலேயே மாரியாத்தா திருவிழா வந்தது. அப்பா காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் காலில் செருப்பு கூடாது. வயலில் நடக்கிறவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கரகம் ஒவ்வொரு வீடாக வந்து, எங்கள் படலுக்கு எதிரே நின்றபோது உச்சிப்பொழுது. காப்புக் கட்டினவர்தான் தட்டை எடுத்துப் போக வேண்டும். தேங்காய், பழம், நடுவில் கற்பூரம் எரிகிற தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்பா வாசலில் இறங்கினார்.

நடு வாசலில் அவர் நடை மாறியது. எரிகிற கற்பூரத்தோடு ஓட முடியாது. ஆத்தா பார்த்துக்கொண்டு நிற்கும்போது தட்டைக் கீழே வைக்க முடியாது. முன்பாதத்தை ஊன்றினார், குதிகாலைத் தூக்கினார், ஒரு பக்கம் சாய்ந்தார். பம்பைக்காரர் அடிப்பதை மறந்து பார்த்தார். நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். அச்சு அசல் அத்தை நடந்த நடை.

அப்பாவுக்கும் அது தெரிந்துவிட்டது. படலுக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வாசற்படியைப் பார்த்தார். அங்கே அத்தை நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

கரகம் போன பிறகு அப்பா சாப்பிட உட்காரவில்லை. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "அவ காலு அன்னிக்கி எப்படி இருந்திச்சி?"

அம்மா, "மாரியாத்தாவே கேக்க வச்சிட்டா, சத்தியமாவது ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "கொப்புளம் போட்டுக்கினு நாலு நாளு, நீங்க அந்தாண்ட போனா தவழாத கொறையா கெடந்தா. நீங்க ஆசையா போட்ட வாசலாம். உங்களுக்கு மனசு கஷ்டமா பூடுமாம்."

அப்பா பின்வாசலுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் வரவில்லை. அழுதாரா என்று தெரியாது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

காப்பு அவிழ்த்த மறுநாளே தரகரைத் தேடிப் பிடித்து, பகல் சாப்பாட்டுக்கு என்று கூட்டி வந்தார். தரகர் கனத்த ஆள். குடையும் கையுமாகப் படலுக்குள் நுழைந்தார்.

"செருப்ப கழட்டிட்டு வாங்க" என்றார் அப்பா.

நாலடி வைத்தாரோ இல்லையோ, தரகர் குடையை விட்டுவிட்டு அந்தரத்தில் குதித்தார். "இன்னாங்க இது? வாசலா, அடுப்பா?"

"நடங்க."

"எங்கங்க நடக்கிறது? காலு வேவுதுங்க!"

"எங்க வூட்டுப் பொண்ணு இதுல மெதுவா போயி, திரும்பி மெதுவா வந்திச்சி. நீங்களுந்தான் நின்னு பாத்தீங்க. பாத்துட்டு ஊரு பூரா இன்னா சொன்னீங்க?"

தரகர் நொண்டி அடித்துக்கொண்டே தாழ்வாரத்துக்கு ஏறினார். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அத்தை முகத்திலும் கொஞ்சம் சிரிப்பைப் பார்த்தேன்.

தரகர் வாய் சும்மா இருக்குமா? இந்தத் தடவை வேறு திசையில் போனது. 'அந்தப் பொண்ணு நெருப்பா கொதிக்கிற தரையில முகம் சுளிக்காம நடந்திச்சிங்க' என்று ஆரம்பித்தது, களமருதூர் போய்ச் சேருவதற்குள் தீ மிதித்ததாகவே ஆகிவிட்டது. அங்கேயிருந்து நெல் வயல் உள்ள ஒரு குடும்பம் வந்தது. விடியற்காலையிலேயே வந்தார்கள். "நடக்கல்லாம் வேணாம், கேள்விப்பட்டோம். பொறுமையான பொண்ணு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இப்போது யோசித்தால், நொண்டி என்ற பெயராவது ஒரு வருஷத்தில் போயிருக்கும், பொறுமைசாலி என்ற பெயர் ஒரு பெண்ணை லேசில் விடாது. எதை வைத்தாலும் தாங்குவாள் என்றுதானே அதற்கு அர்த்தம்? அது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் புரிந்திருக்கிறது.

கல்யாணம் எங்கள் வாசலிலேயே நடந்தது. அப்பா சிமெண்டைப் பெயர்க்கவில்லை, போட்டது போட்டதுதானே. ஆனால் வாசல் முழுவதும் தென்னங்கீற்றை நெருக்கி வேய்ந்து பந்தல் போட்டார். அதே தரை, அதே வெயில், கீழே நின்றால் கால் சுடவில்லை. தாய் தகப்பன் இடத்தில் நின்று அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டார்கள். நான் பித்தளைச் செம்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கழுவி முடித்துத் துண்டால் துடைத்தார் அப்பா. எழுந்திருப்பார் என்று பார்த்தால், செம்பை என்னிடமிருந்து வாங்கி, அத்தை காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு காலு இல்லீங்க" என்றார் ஐயர். "மாப்ள காலு மட்டுந்தான்."

"தெரியும்" என்றார் அப்பா.

பந்தலில் சலசலப்பு எழுந்தது. வயதில் மூத்த அண்ணன் தங்கச்சி காலைத் தொடுவதா? அத்தை பதறிக் காலைப் பின்னால் இழுத்தாள். அப்பா விடவில்லை. ஒரு காலைத் தாம்பாளத்தில் எடுத்து வைத்து, தண்ணீரை ஊற்றி, உள்ளங்காலை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். தோல் ஆறிப் புதுத் தோல் வந்திருந்தது. தலை நிமிராமல், பக்கத்தில் நின்ற எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போற எடத்துல எது சுட்டாலும் சொல்லணும். அண்ணன் மனசு நோவும்னு நடக்கக் கூடாது. நின்னு கூப்புடு, நான் வரேன்."

அத்தை அப்போதுதான் அழுதாள். அந்தச் சித்திரை முழுக்க அழாதவள்.

அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, காய்ச்சலோடு கிடந்தவளை, "அவ தாங்குவா" என்று நடவுக்கு அனுப்பினார்களாம். வரப்பில் நின்றுகொண்டு, முடியாது என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கம் வந்த ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். செய்தி வந்தபோது அப்பா பகல் சோற்றில் கை வைத்திருந்தார். கையைக் கழுவினார். செருப்பு எங்கே கிடக்கிறதென்று தேடவில்லை. முன்வாசல் வழியாக, சிமெண்டின் மேலேயே நடந்து பஸ்ஸுக்குப் போனார்.